ஒரு சஹன், நாலு பேர்

“காலிதீன், இன்பாஸ், மிஹ்லார், நான். பிரெஸ்ஸில வேலை செய்யிற முழுப் பேரும் இஞ்ச நிக்கிறம். வியாழக்கிழமை பகலுக்கு ஒரு சஹன் சோறு எடுப்பிக்கிறன். நாலு பேரும் ஒண்டா இருந்து ஒரே தட்டில கை வைக்கிறம். தனிக் கோப்பை ஆருக்கும் இல்ல.”

முருகேசு சொல்லி முடித்தபோது காலிதீன் மெஷினைப் பார்த்தார். இன்பாஸ் சுவரைப் பார்த்தான்.

கல்முனையில் அந்த அச்சகத்துக்கு முருகேசுதான் போர்மன். காலிதீன் அச்சடிப்பவர், இன்பாஸ் தாள் வெட்டுபவன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அதனால் போன கிழமை நாவிதன்வெளிக் கலியாணக் கார்டில் பெண்ணின் பாதிப் பெயர் வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போனது. முதலாளி ஹாஜியார் கத்தவில்லை. “வெள்ளிக்கிழமையும் இவங்க இப்பிடியே இருந்தா ரெண்டு பேரும் வேலைக்கு வரத் தேவல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கவுண்டரில் இருக்கும் மிஹ்லார்தான் இரண்டு பேருக்கும் இடையில் போய்வந்து வேலையை ஓட்டினான். அவன் இல்லாவிட்டால் பிரெஸ் எப்போதோ நின்றிருக்கும் என்பது முருகேசின் எண்ணம்.

அன்று பின்னேரமே மிஹ்லார் வந்தான்.

“அண்ணன், பக்கத்தில இன்பாஸ் இருந்தா காலிதீன் காக்கா இருக்க மாட்டாராம்.”

“எதிர்க்க இருக்கட்டும்.”

“எதிர்க்க இருந்தா அவர்ட மூஞ்சயப் பாக்கணுமே எண்டு இன்பாஸ் செல்றான்.”

“அப்ப என்ன, நடுவில நான் திரை கட்டுறதா?”

“எனக்குத் தெரியா. சென்னதச் சென்னன்.”

மறுநாளும் வந்தான். “மாட்டிறைச்சி இல்லாட்டி அது என்ன சஹன் எண்டு காக்கா கேக்கார்.”

முருகேசு தலையில் கை வைத்தார். “கோழிதான். நான் காரைதீவுத் தமிழன், மாடு தின்னன். உங்கட சஹனுக்கு நான் ஓடித் திரியிறன். கோவிச்சிட்டு மூணு நாளைக்கு மேல கதையாம இருக்கப்படாதெண்டு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானேடா.”

வியாழக்கிழமை சாப்பாடு வந்து இறங்கியதும் மிஹ்லார் ஓடி வந்தான். “காக்காக்கு வயித்துக் குத்தாம். இன்னொரு நாளைக்கு வைப்பமாம்.”

முருகேசு மெஷின் அறைக்குப் போய்க் காலிதீனின் கையைப் பிடித்தார். “வயித்துக் குத்தெண்டாலும் வந்து இருங்க.”

“ஆருக்கு வயித்துக் குத்து?”

“ஒண்டும் கதைக்க வேணாம். வாங்க.”

கழிவுத் தாளை விரித்து நாலு பேரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மற்ற மூன்று பேரும் பிஸ்மி சொல்ல, முருகேசும் சேர்ந்து கை வைத்தார். அவரவர் பக்கச் சோற்றை அவரவர் தின்றார்கள். நடுவில் முழுசாகப் பொரித்த கோழி கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

கடைசியில் காலிதீன் கோழியின் காலைப் பிடித்து இழுத்தார். ஒரு கைக்கு அது வரவில்லை. முழுக் கோழியும் சோற்றில் வழுக்கி இன்பாஸின் பக்கம் போனது. இன்பாஸ் யோசிக்காமல் மற்றப் பக்கத்தை அமர்த்திப் பிடித்தான். கால் பிய்ந்து வந்தது.

காலிதீன் அதை அவன் பக்கம் தள்ளினார். “தின்னு. பேப்பர்க் கள்ளன் பிச்சித் தந்தது எண்டு தின்னாம வைக்காத.”

“ஆரு கள்ளன்?”

“நான்தான். பிரெஸ் பேப்பரக் களவெடுக்கிறன் எண்டு நீதானே ஊரெல்லாம் செல்லித் திரியிறியாம்.”

இன்பாஸின் கை நின்றது. “நான் எங்க காக்கா அப்பிடிச் சென்ன? நீங்கதானே என்ட வாப்பாவக் குடிகாரன் எண்டு சென்னீங்க.”

“உன்ட வாப்பாவயா? அவர்ர கபுறுக்கு மண் போட்டவன்டா நான். ஆர் உனக்கு அப்பிடிச் சென்ன?”

“உங்களுக்கு ஆர் சென்ன?”

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். முருகேசும் திரும்பினார். நாலாவது இடத்தில் பாதி தின்ற சோறு மட்டும் இருந்தது. கை கழுவ எழுந்து போன மிஹ்லாருக்குப் பின்னால் கழிவறைக் கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.