மீதியெல்லாம் சூடு

தன் எலக்ட்ரிக் கடையில் யார் பல்பு கேட்டாலும் கரண்ட் கணக்குச் சொல்லாமல் அவன் விடமாட்டான். அதனால் அவனுக்கு 'வாட் வாத்தியார்' என்றே பெயர். அந்த வாத்தியார் வீட்டிலேயே நூறு வாட் குண்டு பல்பு எரிந்தால் ஊர் சிரிக்காதா?

அப்பாவின் மேஜை விளக்கில்தான் அது எரிந்துகொண்டிருந்தது, அதுவும் பட்டப்பகலில்.

"ஏம்ப்பா, ஜன்னல் வழியா வெயில் கொட்டுது. இது எதுக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமேடா."

"முதல்ல நாற்பது வாட் போதலைன்னீங்க, அறுபது போட்டேன். அப்புறம் நூறு கேட்டீங்க. அடுத்து என்ன, தெருவிளக்கைப் பிடுங்கிட்டு வரவா?"

அதிகப்படியாகச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்கு உறுத்தியது. குரலைத் தணித்துக்கொண்டான்.

"குண்டு பல்பு தின்னுற கரண்ட்ல வெளிச்சமா வர்றது கொஞ்சூண்டுதான்ப்பா. மீதியெல்லாம் வெட்டிச் சூடு. இந்த எல்இடி பதிமூணே வாட், அதே வெளிச்சம்."

விளக்கை அணைத்து, துணியைச் சுற்றிப் பழைய பல்பைக் கழற்றினான். புதியதை மாட்டி சுவிட்சைத் தட்டியதும் மேஜை முழுக்கப் பளீரென்று வெளிச்சம் விழுந்தது.

"எப்படி?" என்றான் பெருமையாக.

அப்பா வழக்கம்போல விளக்கருகே உள்ளங்கையை நீட்டினார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"சூடே தெரியலையே. இன்னும் சுவிட்ச் போடலையாடா?"

நாற்பது போதாமல் அறுபதும், அறுபது போதாமல் நூறும் அவர் கேட்டபோது, ஒரு முறைகூட அவர் கண்ணைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. பல்பைத்தான் மாற்றியிருக்கிறான்.