பன்னிரண்டாவது டேக்

பதினோராவது தடவையும் விஜயலெட்சுமி அக்கா சிரித்துவிட்டார்.

"பேயே வரலியே தம்பி, எதப் பாத்து பயப்படுறது?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதுகில் கொழுந்துக் கூடை குலுங்கியது.

எனக்கு அழுகை வராத குறை. பதுளையில் நடக்கிற குறும்படப் போட்டிக்கு அன்று மாலை ஐந்து மணி கடைசி. மற்றதெல்லாம் என் போனிலேயே எடுத்தாயிற்று. கதாநாயகி பேயைக் கண்டு பயப்படும் அந்த ஒரு முகம்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் ஒரு மாத உழைப்பும் குப்பை.

பேய்ப் படங்களைப் பற்றி என்னிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. முந்நூறு படம் பார்த்தவன் நான். பேயைக் காட்டினால் பயம் போய்விடும். காட்ட வேண்டியது பேயைப் பார்க்கிற ஆளை. கத்தக் கூடாது. ஓடக் கூடாது. கண் கேமராவைத் தாண்டி, பார்க்கிறவனுடைய தோளுக்குப் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' பெரிய நடிகைகளுக்கே வராது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்காவிடம் கேட்டது என் மடத்தனம். பேய்ப் படம் என்றதும், ஞாயிற்றுக்கிழமை லீவையும் விட்டுவிட்டு ஆசையாக வந்திருந்தார். திட்டவும் மனம் வரவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த மரத்தில் ஒரு வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்டேன். அதைப் பார்த்தாவது பயப்படட்டும். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி எறிந்ததில், மூன்றாவது எறிக்குத்தான் கிளையில் விழுந்தது. பிறகு, எனக்கு மூட் வரட்டும் என்று இன்னொரு போனில் பேய் இசையைப் போட்டு, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது டேக்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

அம்மாடி, என்ன முகம் அது! இரத்தம் அப்படியே வடிந்துபோயிற்று. கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. கத்தவில்லை. ஓடவில்லை. கூடையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். உதடு லேசாக அசைந்தது. சத்தியமாக அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

போன் ஆடினால் எல்லாம் கெட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூடுபனிக்குள் ஒவ்வோர் அடியாக என்னை நோக்கி வந்தார். வரும்போதே, செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டுகிற தடித்த படங்கை அவிழ்த்தார். எந்தக் கதாசிரியனுக்கு இது தோன்றும்? உள்ளுக்குள் கைதட்டினேன்.

பக்கத்தில் வந்ததும் படங்கை என் தலைமேல் போட்டு, என்னை மண்ணில் குப்புறத் தள்ளி, மேலே விழுந்து படுத்துக்கொண்டார்.

"என்னக்கா செய்யிறீங்க? நல்லா வந்த சீன்..." என்று கத்தினேன். இயர்போன் கழன்று விழுந்தது.

அப்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. குளவி. நான் எறிந்த கல் கூட்டில் பட்டிருக்கிறது.

குளவி கலைந்தால் கத்தவும் ஓடவும் கூடாது என்று தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டவுனில் வளர்ந்த எனக்குத் தெரியாது.

எனக்குக் கணுக்காலில் ஒரு கொட்டு. அக்காவின் முதுகிலும் கழுத்திலும் முகத்திலும் முப்பத்தொன்று. உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். அக்கா வீங்கிய கண்ணைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தார்.

ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. வெட்கம் கெட்டவன் நான், வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். இசையைச் சேர்த்து அனுப்பிவிடலாம்.

முந்நூறு படத்திலும் காணாத முகம். பார்க்கப் பார்க்க எனக்கே குலை நடுங்கியது.

இசை சேர்க்கும் முன், பதிவாகியிருந்த சத்தத்தை ஒருமுறை கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் அக்காவின் குரல். கூடையை இறக்கியதிலிருந்து என்னிடம் வந்து சேரும் வரை, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாக, ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அசையாதீங்க தம்பி. அசையாதீங்க. அக்கா வர்றேன்."