ஏழாம் மதகின் குரல்

அணைக் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரைக்கு நிரல் எழுதியவள் நவமணி. மதகுகளைச் சோதிக்கும் கட்டளைகளை அந்த நிரல் ஒவ்வொன்றாக ஓட்டி, அவை தரும் பதிலைப் பிடித்துத் திரையில் காட்டும். மழை நெருங்கிய வாரத்தில் ஏழாம் மதகு மட்டும், 'திறக்க முடியவில்லை' என்றே பதில் தந்தது.

"எரர் வர்றத மட்டும் பிடிக்காம விட்ரும்மா. நாளைக்கு அமைச்சர் வர்றார்," என்றார் மேலாளர் சிதம்பரநாதன்.

"கீழ ஊரு இருக்கு சார்."

"சொன்னதச் செய்."

அவள் நிரலைத் திறந்து ஒரு வரியை மாற்றினாள்.

மறுநாள் அறைக்கு வந்த அமைச்சர் நிமிர்ந்து பார்த்தபோது, நிரல் பிடிக்காமல் விட்ட 'திறக்க முடியவில்லை' என்ற பிழைச் செய்தி நேராகத் திரைக்கே வந்து, அதை முழுவதும் அடைத்துக்கொண்டு சிவப்பாக நின்றது.

"என்ன இது?"

மேலாளர் வாய் திறக்குமுன் நவமணி எழுந்துவிட்டாள்.

"ஏழாம் மதகு பேசுது சார். அதோட வாயப் பொத்தச் சொன்னாங்க. நான் பிடிக்காமத்தான் விட்டேன், பொத்தல."