எது நிஜ வோல்டேஜ்?

"கையை எடு! இன்னும் கொஞ்ச நேரம் ஓடினா உன் கம்ப்யூட்டர் கருகிடும்!"

கணவன் போட்ட கூச்சலில் மனைவி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"என்னங்க, விளையாடறீங்களா? நாளைக்குக் காலையில பொம்மைப் படத்தை அனுப்பலைன்னா அடுத்த படம் வேற ஆளுக்குப் போயிடும். முயல் இன்னும் வேலியையே தாண்டல. பாதியில அந்தரத்துல நிக்குது."

"நிக்கட்டும். இதைப் பாரு." செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "மதர்போர்டு செட்டிங்ல பிராசஸருக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு வோல்ட்னு நானே வெச்சேன். கண்காணிக்கிற சாப்ட்வேர் ஒண்ணு புள்ளி நாலுன்னு காட்டுது. கொஞ்ச நாளா சாயங்காலமானா இதே கூத்து. எதை நம்பறது?"

எதையாவது கண்காணிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. தண்ணீர்த் தொட்டி, வாசல் கதவு, கம்ப்யூட்டர் என்று எல்லாமே அந்தச் செல்போனுக்குள் இருந்தன. சாவியை எங்கே வைத்தோம் என்பது மட்டும்தான் தெரியாது.

"மறுபடியும் அந்தப் பெட்டியா?" என்று மாமியார் தன் அறையிலிருந்து வந்து நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அந்தக் குரலுக்கு மகன் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தான். "ரெண்டு பேருக்கும் கண்ணு கெடப்போகுது. நான் கொஞ்சம் படுக்கறேன். யாரும் கதவைத் தட்டக்கூடாது."

"சரிங்க அத்தை" என்றாள் மருமகள்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில், கணவன் போன் போட்டு வரச்சொல்லியிருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தான். காதில் செருகிய ஒரு திருப்புளி. வந்ததும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

"நாலு மணிக்குள்ள முடிச்சிடலாமா சார்? எங்க டீமுக்கு மேட்ச் இருக்கு. கேப்டன் ரொம்பப் பொல்லாதவங்க. லேட்டா போனா எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிடுவாங்க."

"அப்படிப்பட்ட டீம்ல ஏம்ப்பா இருக்கே?"

"ஜெயிக்கிற டீமாச்சே சார்! எனக்கு அங்கே பேரே திருப்புளிதான்" என்று பெருமையோடு சிரித்தான்.

முயலைப் பத்திரமாகச் சேமித்துவிட்டு அவள் எழுந்து இடம் கொடுத்தாள். அவன் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். ஒன்று புள்ளி இரண்டு. செல்போனைப் பார்த்தான். ஒன்று புள்ளி நாலு.

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் சார். இவ்வளவு இருக்காதே."

மூடியைக் கழற்றினான். தூசி தட்டினான். உள்ளே தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை. கடிகாரம் நாலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேப்டனை நினைத்தோ என்னவோ, அவன் நெற்றியில்தான் வேர்த்தது. கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கினான்.

"இப்போ எவ்வளவு காட்டுது சார்?"

"ஒண்ணு புள்ளி நாலு." சொல்லிவிட்டுக் கணவன் விழித்தான். "பிளக்கைப் பிடுங்கின பிறகுமா?"

மெக்கானிக் இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். "இந்த சாப்ட்வேர் வேற ஏதோ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டிருக்கு சார். வீட்டுல இன்னொண்ணு இருக்கா?"

"என் பழைய கம்ப்யூட்டர் இருக்கு. அதுலதான் முதல்ல இந்த சாப்ட்வேரைப் போட்டேன். புதுசு வந்ததும் அதை அம்மாவுக்குக் கொடுத்தேன்... செல்போன்ல மாத்த மறந்துட்டேன் போல."

"ஊரையே கண்காணிக்கிறவரு!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ என் கம்ப்யூட்டர்ல கோளாறே இல்லையா?"

"துளி கூட இல்ல மேடம். முயலைத் தாண்டச் சொல்லுங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கணவனுக்கோ பாதி உயிர் போயிற்று.

"அம்மா அதுல நியூஸ் மட்டும்தான் படிப்பாங்க. இப்போ தூங்கறாங்க."

"நியூஸ் படிச்சா வோல்டேஜ் இப்படி ஏறாது சார்" என்றான் மெக்கானிக், திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு. "கம்ப்யூட்டர்தான் தாறுமாறா ஓடுது. தீப்பிடிச்சா வம்பு."

தட்டக்கூடாது என்ற உத்தரவை மறந்து கணவன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மாமியார் படுக்கவில்லை. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் பெரிய ஹெட்போன். திரையில் குண்டுமழை.

"இடது பக்கம் ஓடுங்கடா! சுவருக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான், விடாதே!" என்று மைக்கில் முழங்கினார். "எங்கே அந்தத் திருப்புளி? நாலு மணின்னா நாலு மணிக்கு வரணும். லேட்டா வந்தா வகுப்புக்கு வெளியிலயே நிக்க வெச்சிடுவேன்!"

வாசற்படியில் மெக்கானிக் கைகட்டி நின்றான்.

"வெளியிலதான் நிக்கறேன், கேப்டன்!"