பக்கத்துக் கூடாரம்

சோன்-கோல் ஏரிக்கரையில் நானும் என் மனைவி பேகிமாயும் கூடாரம் போட்டிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். பக்கத்துக் கூடாரத்தில் எர்மேக்கும் சைகாலும். இருவருக்கும் ஐம்பது வயது இருக்கும். வந்து இறங்கியதிலிருந்து ஓயாத சண்டை.

"முளை அடிக்கற லட்சணத்தைப் பாரு. காத்தடிச்சா கூடாரத்தோட நீயும் பறப்ப," என்றாள் சைகால்.

"பறந்தா உன் டீலேர்ந்து தப்பிச்சேன். குதிரைகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு," என்றார் எர்மேக்.

மறுநாள் நால்வரும் மலையேறும்போது எர்மேக் மூச்சு வாங்கி நின்றார்.

"தொப்பையை பிஷ்கேக்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"உன்னையும் சேத்து விட்டிருக்கணும்."

பேகிமாயின் முகம் வாடிவிட்டது. "வயசானா நாமளும் இப்படித்தான் ஆவோமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. நேரே சைகாலிடமே போய்விட்டாள்.

"அக்கா, இவ்வளவு வெறுப்பை வச்சுக்கிட்டு எப்படி ஒரே வீட்ல இருக்கீங்க?"

"ஒரே வீடா? இவனை விவாகரத்து பண்ணி ஆறு வருஷமாச்சு."

"அப்புறம் எதுக்கு இவரோட ஊர் சுத்தறீங்க?"

"சனி, ஞாயிறு மட்டும்தான்," என்று சைகால் பெருமூச்சு விட்டாள். "இப்ப இருக்கற புருஷன் தங்கமானவன்மா. ஒரு வார்த்தை திட்டினா அழுதுடறான்."