சாக மறுத்த கேப்டன்

நான் செத்து விழுந்த இடத்தில் எறும்புப் புற்று இருந்தது.

பிணம் அசையக் கூடாது என்பது எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தின் விதி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பக்கத்தில் கேப்டன் வாளை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தான்.

கேப்டன் என்றால் வெண்டல் ஸ்ட்ராட். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவன்.

அன்று தெற்கின் பக்கம் நின்ற மிசூரியின் இந்த மூலையில் வடக்குப் படையின் நீலச் சட்டையை யாரும் ஆசைப்பட்டுப் போடுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இத்தனை காலம் ஆகியும், ஆண்டுதோறும் அந்தச் சண்டையை நடித்துக் காட்டும் நாடகத்துக்குக்கூட சீட்டுக் குலுக்கித்தான் ஆள் பிடிக்கிறோம். என் பெயர் அப்படித்தான் வந்தது. வெண்டல் மட்டும் தானாகவே கை தூக்குவான்.

அசல் போர் ஒரு பண்ணையின் பன்றிகளுக்காக நடந்தது. இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தபோது பன்றிகள் ஓடிவிட்டன. இப்போது அதே திடலில் பன்றிக்கறி ரொட்டி விற்கிறார்கள்.

ஓக் மரத்தடியிலிருந்து தெற்குப் படையின் டுவேன் பிக்ஸ்லர் சுட்டான். வெறும் வெடிமருந்துதான், குண்டு கிடையாது. புகை எழுந்தது. கேப்டன் விழ வேண்டிய இடம்.

வெண்டல் விழவில்லை.

டுவேன் எங்கள் ஊர்ப் பல் மருத்துவன். வெண்டலின் மனைவியாக இருந்த நாடீன் இப்போது டுவேனின் மனைவி. இது ஊருக்கே தெரியும் என்பதால் திடல் சட்டென்று அமைதியானது.

டுவேன் மறுபடி மருந்து இடித்துச் சுட்டான். வெண்டல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

“கேப்டன் அவர்களே!” ஒலிபெருக்கியில் கழகத் தலைவி ஆர்லீன் கோஃபர்த். “வரலாற்றுப்படி நீங்க மொதல் குண்டுக்கே விழுந்தாச்சு. வரலாற நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுங்க.”

“பல்லு புடுங்குற கையி! அதான் குறி தப்புது!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு வெடித்தது. கூடவே கைதட்டல். எங்கள் ஊரில் ஒரு நீலச் சட்டைக்குக் கைதட்டி நான் கேட்டது அன்றுதான்.

டுவேன் முகம் சிவக்க மரத்தடியை விட்டு வெளியே வந்தான். கை நீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் நின்று சுட்டான். வெண்டல் ஒருமுறை தும்மினான். அவ்வளவுதான்.

“செத்துத் தொலையேன்டா,” என்றேன் உதடு அசையாமல். “எறும்பு கால்சட்டைக்குள்ள பூந்துருச்சு. அவன்கூட நாளைக்குச் சண்ட போட்டுக்க.”

“அவன் கெடக்கான். நீ கொஞ்சம் பொறு.”

அப்போதுதான் கவனித்தேன். வெண்டல் டுவேனைப் பார்க்கவே இல்லை. திடலின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கழிப்பறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதில் ஒன்றின் கதவு திறந்தது. உள்ளே நாடீன். அந்தக் காலத்துக் கூண்டுப் பாவாடை அகலம், கதவு குறுகல். சிக்கிக்கொண்டவளை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

வெண்டல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யாரும் சுடாமலேயே விழுந்தான்.

நாடீன் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நாடகத்தில் அவள் கேப்டனின் மனைவி. வாத்தியக் குழு தொடங்கும்வரை அழ வேண்டும். வெண்டலின் தலையை மடியில் எடுத்து வைத்து, திடல் முழுக்கக் கேட்கும்படி ஓலமிட்டாள். கூட்டம் மூக்கைச் சிந்தியது.

பிறகு முகத்தோடு முகம் குனிந்தாள். அதன்பின் அவள் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

“பிரஷர் மாத்திர போடுறியா?”

“போடுறேன்.”

“பொய்யி. மூஞ்சி உப்பிக் கெடக்கு.”

“நீ நல்லாருக்கியா?”

“கண்ண மூடு. செத்தவன் பேசக் கூடாது.”

அவள் கட்டைவிரல் அவன் புருவத்தை நீவிக்கொண்டே இருந்தது. வாத்தியம் தொடங்கியதும் எழுந்து, பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, டுவேனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மாலையில், ரொட்டி வரிசையில் என் முன்னால் நின்ற ஆர்லீன், வெண்டல் வரலாற்றைக் கேவலப்படுத்திவிட்டதாகப் பொரிந்து தள்ளினாள். நானும் தலையாட்டி வைத்தேன்.

அசல் கேப்டனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கழகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. மனைவி ஓடிவந்து அழும் காட்சியை, வெண்டலுக்கும் நாடீனுக்கும் மணவிலக்கு ஆன ஆண்டில்தான் சேர்த்தார்கள். அதை முடிவுசெய்த கழகக் கூட்டத்துக்கு வெண்டல் வரவில்லை. நான் போயிருந்தேன்.

வழிமொழிந்தவன் டுவேன். அழுகை இருந்தால் கூட்டம் பெருகும் என்றான்.

முன்மொழிந்தவள் நாடீன்.