சார்ஜரையும் சேர்த்து

“சார்ஜரையும் சேர்த்து வைங்கம்மா. அது என்ன, தானா நடந்து காலேஜுக்கு வருமா?”

கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சார்ஜரை எடுத்துவந்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து கொக்கித் தராசை வெளியே எடுத்தார். பார்சல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் எடை போட்ட கை அது. பெட்டிமேல் அச்சடித்த எடையை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. லேப்டாப்பையும் சார்ஜரையும் துணிப்பைக்குள் வைத்து, கொக்கியில் மாட்டித் தூக்கினார். மகள் தனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்தாள்.

“மூணு கிலோ நூறு. அட்டையில ரெண்டு முந்நூறுன்னு போட்டிருக்கீங்க.”

“அது கேமிங் லேப்டாப் சார். சார்ஜரே செங்கல் மாதிரிதான் இருக்கும்.”

“கேட்டுக்கிட்டியா? ஹாஸ்டல்லேருந்து க்ளாஸுக்கு தினம் செங்கல் சுமக்கப் போறியா?” என்று மகளிடம் திரும்பினார் அப்பா. “இந்தா, இது ஒண்ணேகால் கிலோ. பூ மாதிரி இருக்கு. இதையே வாங்கிடுவோம்.”

“அதுல கேம் ஓடாதுப்பா.”

“ஓடலைன்னா குடி முழுகிடுமா? பொழுது போகலைன்னா எனக்கு போன் பண்ணு. நான் பேசறேன்.”

மகளின் முகம் சுருங்கிப்போனது. கல்லூரி திறக்க இன்னும் ஒரே வாரம். புது ஊர், புது அறை, தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அவளோடு வரக்கூடியது அந்த விளையாட்டும், அதில் அவளுடைய கூட்டாளியான ஓட்டைக்குடையும்தான். நிஜப் பெயரும் தெரியாது, ஆளும் தெரியாது. விளையாட்டில் வைத்துக்கொண்ட அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான் தெரியும்.

“கேம் இல்லைன்னா ஓட்டைக்குடையோட பேச முடியாதுப்பா.”

“யாரு, நீ சொல்வியே, அந்த வேலைவெட்டி இல்லாத ஆளா?”

“வேலைக்குப் போறவங்கதான். ஆறு மணிக்குத்தான் வருவாங்க. ஏழரை ஆனா வீட்டுக்குக் கிளம்பணும்னு போயிடுவாங்க. ஒழுங்கா சுடத் தெரியாது, ஓடத் தெரியாது. ஒரு வார்த்தை டைப் பண்றதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடும்.”

“அப்புறம் எதுக்கு அந்த ஆளு?”

மகள் கொஞ்சம் தயங்கினாள்.

“பரீட்சைக்கு முன்னாடி நான் தூக்கமே வராம பயந்துட்டிருந்தேன். உங்க யாருக்கும் தெரியாது. ஓட்டைக்குடைகிட்ட மட்டும்தான் சொன்னேன். ஒரு வாரம் ஆட்டமே ஆடாம, நான் புலம்பினதையெல்லாம் கேட்டுட்டிருந்தாங்க.”

அப்பா தராசின் கொக்கியைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

“ஊர் பேர் தெரியாத ஆள்கிட்ட சொல்லத் தெரியுது. வீட்டுல குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் இருக்கேன். எங்கிட்ட சொன்னா என்ன?”

“உங்ககிட்ட சொன்னா, ஒழுங்கா படிச்சா ஏன் பயம் வருதுன்னு கேப்பீங்க. நீங்க வீட்டுக்கு வர்றதே எட்டு மணிக்கு. வந்ததும் டிவி.”

அப்படியே நடந்திருக்கும் என்று அவருக்கே தெரியும். கடைக்காரப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையை இன்னொரு முறை துடைத்தாள்.

“ஏம்மா,” என்றார் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு. “செங்கலும் இல்லாம பூவும் இல்லாம நடுவுல ஒண்ணு இருக்கா? இவ கேம் திணறாம ஓடணும்.”

“இருக்கு சார். காலேஜ் வேலைக்குத் தாராளம். கேமும் ஓரளவுக்கு நல்லாவே ஓடும். பேட்டரி ஏழு மணி நேரம் தாங்கும்.”

அப்பா மறுபடி தராசில் மாட்டித் தூக்கினார். “சார்ஜரோட சரியா ரெண்டு கிலோ. தோள் தாங்கும்.”

“நிஜமாவாப்பா?” மகளுக்கு வாயெல்லாம் பல். “ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்.”

கடைக்காரப் பெண் விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். மகள் உள்ளே நுழைந்ததும் கூட்டாளிகள் பட்டியலைத்தான் முதலில் பார்த்தாள்.

“மணி ஆறேகால் ஆச்சு, ஓட்டைக்குடையைக் காணோம். இந்நேரத்துக்கு வராம இருக்கவே மாட்டாங்களே. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ.”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீ ஆடு,” என்றார் அப்பா, அட்டைப்பெட்டியின் எடையைப் படித்தபடி.

அவள் தனியாகவே ஆட ஆரம்பித்தாள். பனியில் சறுக்கி, ஆற்றங்கரையோரம் ஓடி, பழைய பாலத்தை நோக்கித் திரும்பினாள். அப்பாவின் கண் பெட்டியிலிருந்து திரைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

“பாலத்துக்கு அடியில போகாதே,” என்று பதறினார் அவர். “நேத்து உன்னைக் காப்பாத்தப் போய் அங்கேதானே நான் செத்தேன்.”